ஏபிஐ வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு முன்: ஆர் மொழியும் ஜேசனும்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"அண்ணா, இந்த ஏபிஐ வேலை செய்யலண்ணா."

"சர்வர் என்ன சொல்லுது?"

"எரர்னு சொல்லுதுண்ணா."

"என்ன எரர்?"

"சிவப்பா ஏதோ வருது."

"சரி, நீ என்ன அனுப்பின?"

உடனே தான் எழுதிய நிரலைக் காட்டினான். அங்கேதான் சிக்கல். நான் கேட்டது அவன் என்ன எழுதினான் என்று இல்லை, என்ன அனுப்பினான் என்று. இரண்டும் ஒன்றுதான் என்றே பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆர் என்னும் நிரல்மொழியில் ஏபிஐயோடு பேசும்போது வரும் குழப்பத்தில் பாதிக்கு மேல் இந்த நினைப்பில்தான் பிறக்கிறது. நாம் எழுதுவதை ஆர் ஒரு கடிதமாக மாற்றி அனுப்புகிறது. சர்வர் படிப்பது அந்தக் கடிதத்தை மட்டும். நம் மனத்தில் இருப்பது அதற்குத் தெரியாது, நம் நிரலும் தெரியாது.

இந்தக் கட்டுரை ஆர் மொழியில் கொஞ்சம் பழகி, ஏபிஐ பக்கம் இப்போதுதான் எட்டிப்பார்ப்பவர்களுக்கு. கட்டளைகளின் பெயர்களை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது பெரும்பாலானவற்றில் நடுவில் அடிக்கோடு வரும், டு ஜேசன், ஃப்ரம் ஜேசன் இரண்டையும் மட்டும் இடைவெளியோ அடிக்கோடோ இல்லாமல் சேர்த்தே தட்ட வேண்டும்.

ஜன்னலும் படிவமும்

தாலுகா அலுவலகத்தில் நாமே உள்ளே புகுந்து பீரோவைத் திறந்து ஃபைலை எடுக்க முடியாது. வெளியே ஒரு ஜன்னல் இருக்கும். குறிப்பிட்ட படிவத்தை நிரப்பி நீட்டினால், உள்ளே இருப்பவர் தேடிப் பார்த்து ஒரு தாளைத் தருவார், அல்லது "இதில் கையெழுத்து இல்லை" என்று திருப்பித் தருவார்.

ஏபிஐ என்பது அந்த ஜன்னல். ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும் தரவை வெளியே இருக்கும் நிரல்கள் கேட்டுப் பெறுவதற்காகத் திறந்துவைத்த வழி. நாம் நீட்டுவது கோரிக்கை, உள்ளிருந்து வருவது பதில், உள்ளே இருந்து வேலை பார்க்கும் கணினி சர்வர்.

எல்லா ஜன்னலிலும் படிவம் கேட்பதில்லை. சில இடங்களில் முகவரியிலேயே கேள்வியை எழுதிவிடலாம். "இந்தியா, மக்கள்தொகை" என்று இணைய முகவரியின் வாலில் சேர்த்தால் போதும். இந்த வகைக் கோரிக்கைக்கு கெட் என்று பெயர். கேள்வி நீளமாக, அடுக்கடுக்காக இருந்தால் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். அது போஸ்ட். உறைக்குள் இருக்கும் தாளை பாடி என்பார்கள். உறையின் மேல் எழுதும் குறிப்புகள் ஹெடர்: யார் அனுப்புகிறார்கள், உள்ளே என்ன வகைத் தாள் இருக்கிறது என்பன போன்றவை.

ஜேசன் என்னும் படிவம்

அந்தத் தாளை எந்த மொழியில் எழுதுவது? இன்று பெரும்பாலான ஜன்னல்களில் செல்லுபடியாவது ஜேசன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் எழுத்துமுறையிலிருந்து டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்தில் எடுத்துப் பரப்பிய வடிவம் அது. அடிப்படையில் வெறும் எழுத்து, நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம்.

{"மாவட்டம்": "மதுரை", "வட்டங்கள்": ["மேலூர்", "திருமங்கலம்", "உசிலம்பட்டி"]}

இதில் இரண்டு வகை அடைப்புகள் இருக்கின்றன. நெளிவு அடைப்புக்குள் பெயரும் மதிப்பும் இணையாக வரும். இது ஆப்ஜெக்ட். சதுர அடைப்புக்குள் மதிப்புகள் வரிசையாக வரும். இது அர்ரே. ஒன்றுக்குள் ஒன்றை எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், அடுக்கு கேரியர் மாதிரி.

ஜேசன் கறார் பேர்வழி. இரட்டை மேற்கோள்தான் வேண்டும், ஒற்றை கூடாது. கடைசி உறுப்புக்குப் பின் கமா இருக்கக் கூடாது. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஏனென்றால் ஜேசனைக் கையால் ஒட்டி எழுதவே கூடாது. பேஸ்ட் கட்டளையால் துண்டு துண்டாகச் சேர்த்து ஜேசன் செய்யும் நிரலை எங்கே பார்த்தாலும் அழித்துவிட்டு, நூலகத்திடம், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பிடம், அந்த வேலையைக் கொடுங்கள். என்றாவது ஒரு ஊர்ப் பெயரில் மேற்கோள் குறி வரும், அன்றைக்கு எல்லாம் கவிழும்.

இப்போது ஒரு நுணுக்கம். அரசாங்கப் படிவத்தில் "தந்தை பெயர்" என்று ஒரு கோடு இருக்கும். கீழே "பிள்ளைகளின் பெயர்" என்று ஒரு அட்டவணை இருக்கும்: வரிசை எண் 1, 2, 3. உங்களுக்கு ஒரே பிள்ளைதான் என்றாலும் அட்டவணையில் 1 என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். ஒரு பிள்ளைதானே என்று அட்டவணையை அடித்துவிட்டு மேலே குறுக்காக எழுதினால், "ஒழுங்காக நிரப்பிக் கொண்டு வாருங்கள்" என்பார் ஜன்னல்காரர். ஜேசனிலும் அதே கதைதான். "மேலூர்" என்பதும் ["மேலூர்"] என்பதும் அதற்கு வெவ்வேறு. முன்னது ஒரு மதிப்பு. பின்னது ஒரே ஒரு மதிப்பு உள்ள பட்டியல்.

இதுவரை: ஏபிஐ ஜன்னல், ஜேசன் அதில் நீட்டும் படிவம், ஒற்றைக் கோடும் ஒருவர் மட்டும் உள்ள அட்டவணையும் வேறு வேறு. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள். அடுத்து வரும் தகராறு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

ஆர் மொழிக்கு ஒற்றை மதிப்பு தெரியாது

ஆர் திரையில் 5 என்று தட்டி என்டர் அடித்துப் பாருங்கள். பதில் இப்படி வரும்:

[1] 5

அந்த [1] எதற்கு என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? "இந்த வரியில் முதலில் இருப்பது 1-ஆவது உறுப்பு" என்று ஆர் சொல்கிறது. நீங்கள் ஒரு எண் கொடுத்தீர்கள், அது அதை ஒரு எண் கொண்ட வரிசையாக வாங்கிக்கொண்டது. இந்த வரிசைக்கு வெக்டர் என்று பெயர். ஆர் மொழியில் எண்ணோ சொல்லோ தனியாக இருக்க வழியே இல்லை. எல்லாம் வெக்டர்தான், நீளம் 1 ஆக இருந்தாலும்.

இதற்குக் காரணம் பிறந்த வீடு. ஆர் மொழியை 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் புள்ளியியல்காரர்கள். பெல் ஆய்வகத்தின் எஸ் மொழி அதற்கு மூத்தது. புள்ளியியல்காரருக்கு உலகமே அளவீடுகளின் பத்தி. நூறு பேரின் உயரம் ஒரு பத்தி, ஒருவரின் உயரமும் ஒரு பத்திதான், குட்டையான பத்தி. ஜேசனோ இணையப் பக்கங்களுக்கான மொழியின் வீட்டில் பிறந்தது. அங்கே ஒன்று வேறு, ஒன்று கொண்ட பட்டியல் வேறு. இரண்டு வீட்டுப் பழக்கமும் தவறில்லை, ஆனால் சம்பந்தம் பேசும்போது இடிக்கும்.

நடுவில் நின்று மொழிபெயர்ப்பது ஜெரோன் ஊம்ஸ் எழுதிய ஜேசன்லைட் என்னும் நூலகம். அதன் டு ஜேசன் கட்டளையிடம் "மதுரை" என்ற சொல்லைக் கொடுத்தால் ["மதுரை"] என்று எழுதும். வெக்டர் என்றால் பட்டியல்தானே, அதன் கணக்கு சரி. ஆனால் தந்தை பெயர் கேட்ட கோட்டில் அட்டவணை வரைந்துவிட்டது. சர்வர் மறுக்கும்.

இதற்கு எல்லோரும் சொல்லித்தரும் வைத்தியம் ஆட்டோ அன்பாக்ஸ் என்ற விருப்பத்தை உண்மை என்று வைப்பது. நீளம் 1 உள்ள வெக்டர்களுக்கு அது சதுர அடைப்பைக் கழற்றிவிடும். ஜேசன் அனுப்புகையில், ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்ப உதவும் எச்டிடிபிஆர் நூலகமும் அதற்கு அடுத்து வந்த எச்டிடிபிஆர் 2 நூலகமும் நீங்கள் கேட்காமலேயே இதைச் செய்கின்றன. அதனால் தொண்ணூறு கோரிக்கைகள் சரியாகப் போய்விடும். மீதிப் பத்தில்தான் தலைவலி, ஏனென்றால் இந்த வைத்தியம் தந்தை பெயரையும் பிள்ளைகள் அட்டவணையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே பிள்ளை என்றால் அட்டவணையையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

ஸ்டாக்ஹோம் மட்டும் கேட்டால்

தம்பிக்கு நடந்தது இதுதான். ஸ்வீடனின் புள்ளியியல் நிறுவனம் தன் அட்டவணைகளை பிஎக்ஸ்வெப் என்ற முறையில் வெளியிடுகிறது. நார்வே, பின்லாந்து உட்படப் பல நாடுகளின் புள்ளியியல் நிறுவனங்களும் இதையே பயன்படுத்துகின்றன. எந்தப் பகுதி, எந்த ஆண்டு வேண்டும் என்பதை ஜேசன் படிவமாக போஸ்ட் வழியாக அனுப்பலாம். அதில் ஒரு பகுதியின் உருவம் இப்படி. உண்மையில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே புரிவதற்காகத் தமிழில்:

{"குறியீடு": "பகுதி", "தேர்வு": {"வடிகட்டி": "உருப்படி", "மதிப்புகள்": ["0180", "1480"]}}

0180 ஸ்டாக்ஹோம் நகராட்சியின் எண், 1480 கோத்தன்பர்க். இரண்டும் சேர்த்துக் கேட்டபோது தம்பிக்கு அழகாகப் பதில் வந்தது. ஸ்டாக்ஹோம் மட்டும் போதும் என்று 1480-ஐ எடுத்தான். சிவப்பு எரர். "நேத்து ஓடுச்சுண்ணா, இன்னைக்கு ஏபிஐ டவுன்" என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

போன கடிதம் இதுதான்:

"மதிப்புகள்": "0180"

சதுர அடைப்பு போய்விட்டது. இரண்டு மதிப்பு இருந்தவரை வெக்டரின் நீளம் 2, ஆகவே அடைப்பு தப்பித்தது. ஒன்றானதும் ஆட்டோ அன்பாக்ஸ் கழற்றிவிட்டது. நிரலில் தவறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் தவறு நிரலில் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

தீர்வு சின்னது. அந்த ஒரு மதிப்பை லிஸ்ட் கட்டளைக்குள் வைத்து எழுத வேண்டும். லிஸ்ட் என்பது எந்த வகைச் சரக்கையும் கலந்து வைக்கக்கூடிய ஆர் மொழியின் பை. பையில் உள்ளவற்றுக்குப் பெயர் வைத்திருந்தால் ஜேசனில் நெளிவு அடைப்பாக மாறும், பெயர் வைக்காவிட்டால் சதுர அடைப்பாக மாறும், ஒன்றே ஒன்று இருந்தாலும். இந்த ஒரு விதி கையில் இருந்தால் எவ்வளவு சிக்கலான படிவத்தையும் கட்டிவிடலாம். இன்னொரு வழி, மதிப்பை ஐ என்ற ஆங்கிலப் பேரெழுத்து ஒன்றே பெயரான கட்டளைக்குள் வைப்பது. "இதைத் தொடாதே, இருக்கிறபடி விடு" என்று மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லும் சைகை அது.

இதே கேள்வியில் இன்னொரு பள்ளமும் உண்டு. நகராட்சி எண்களை ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்துப் படித்தால் 0180 என்பதை ஆர் எண் என்று எடுத்துக்கொண்டு 180 ஆக்கிவிடும். 180 என்று ஸ்வீடனில் நகராட்சி இல்லை. எண் போலத் தோன்றினாலும் கூட்டிக் கழிக்கப் பயன்படாத எதையும் எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள். பின்கோடு, கைபேசி எண் எல்லாம் இதில் அடங்கும்.

சுருக்கமாக: ஆர் மொழியில் எல்லாம் பட்டியல், ஜேசனில் அப்படி இல்லை. நூலகம் ஊகித்து மாற்றுகிறது. அட்டவணை கேட்ட இடத்தில் லிஸ்ட் கட்டளையை நாமே எழுதிவிட்டால் ஊகத்துக்கு வேலை இல்லை.

உறையை ஒட்டுவதற்கு முன் பார்ப்பது

கடிதத்தை எப்படிப் பார்ப்பது? ஹாட்லி விக்கம் எழுதிய எச்டிடிபிஆர் 2 நூலகத்தில் இதற்கென்றே ரெக் டிரை ரன் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோரிக்கையை முழுதாகக் கட்டிய பிறகு, அனுப்பும் ரெக் பெர்ஃபார்ம் கட்டளைக்குப் பதில் இதைப் போட்டால், உண்மையான சர்வருக்கு எதுவும் போகாது. போகவிருந்தது என்ன என்பது திரையில் வரும்: முதல் வரியில் போஸ்டா கெட்டா, எந்த முகவரி, கீழே ஹெடர்கள், ஒரு வெற்று வரி, அதன் பிறகு ஜேசன் தாள். தம்பியிடம் இதை ஓட்டச் சொன்னேன். பத்து விநாடி பார்த்தான். "அண்ணா, பிராக்கெட் இல்லண்ணா." அவ்வளவுதான்.

பாடி தாளை மட்டும் பார்த்தால் போதாது, ஹெடரில் கன்டென்ட் டைப் என்ற வரியையும் பாருங்கள். உள்ளே இருப்பது ஜேசன் என்று உறையின் மேல் சொல்லும் குறிப்பு அது. பழைய எச்டிடிபிஆர் நூலகத்தில் போஸ்ட் கட்டளைக்கு என்கோட் என்ற விருப்பத்தை ஜேசன் என்று கொடுக்க மறந்தால், அது கோப்புப் பதிவேற்றப் படிவமாக, மல்டிபார்ட் என்ற வேறு உருவத்தில் அனுப்பிவிடும். தாளில் நீங்கள் நினைத்ததெல்லாம் இருக்கும், உருவம்தான் வேறு. சர்வர் 415 என்றோ 400 என்றோ திருப்பும்.

இன்னொன்று, இரட்டை மடிப்பு. டு ஜேசன் கட்டளையால் ஒருமுறை ஜேசனாக்கிவிட்டு, அதையே மறுபடி, எச்டிடிபிஆர் 2-இல் பாடி தாளை ஜேசனாக்கும் ரெக் பாடி ஜேசன் கட்டளையிடம் கொடுப்பார்கள். அது ஏற்கெனவே எழுதிய கடிதத்தை ஒரு நீண்ட சொல்லாக நினைத்து இன்னொரு மேற்கோளுக்குள் போட்டுவிடும். டிரை ரன் திரையில் தாள் முழுக்கப் பின்சாய்வுக் கோடுகள் சிதறிக் கிடந்தால் இதுதான் காரணம். லிஸ்டை அப்படியே கொடுங்கள், மடிப்பது அதன் வேலை.

சர்வர் சொல்லும் எண்

பதிலின் தலையில் மூன்று இலக்க எண் ஒன்று வரும். அதை ஸ்டேட்டஸ் என்பார்கள். 2-இல் தொடங்கினால் வாங்கிக்கொண்டார்கள். 4-இல் தொடங்கினால் நம் பக்கம் கோளாறு: 400 என்றால் படிவம் புரியவில்லை, 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை, 403 என்றால் யாரென்று தெரிந்தாலும் அனுமதி இல்லை, 404 என்றால் அப்படி ஒரு கதவெண்ணே இல்லை, 422 என்றால் படிவம் புரிகிறது ஆனால் எழுதியது பொருந்தவில்லை, 429 என்றால் அடிக்கடி வந்து தட்டாதே. 5-இல் தொடங்கினால் அவர்கள் பக்கம் கோளாறு. கொஞ்சம் அலட்சியமாக எழுதிய சர்வர்களில் நம் படிவப் பிழைக்கும் 500 வருவதுண்டு, ஆகவே 500 பார்த்தவுடன் கையைக் கட்டி உட்கார வேண்டாம்.

எண்ணைவிட உள்ளே இருக்கும் விளக்கம் மதிப்பு மிக்கது. எச்டிடிபிஆர் 2 நூலகம் 4, 5 வகை எண் வந்தால் உடனே நிறுத்திச் சிவப்பில் கத்தும், ஆனால் சர்வர் எழுதி அனுப்பிய விளக்கத்தைத் தானாகக் காட்டாது. லாஸ்ட் ரெஸ்பான்ஸ் கட்டளையால் கடைசிப் பதிலை எடுத்து, ரெஸ்ப் பாடி ஸ்ட்ரிங் கட்டளையிடம் கொடுங்கள். "இந்தப் புலம் பட்டியலாக இருக்க வேண்டும்" என்று பல நேரம் சர்வர் பச்சையாகவே சொல்லியிருக்கும். நாம்தான் உறையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்போம். பழைய எச்டிடிபிஆர் இதற்கு நேர் எதிர்: 404 வந்தாலும் கத்தாது, பதில் வந்துவிட்டது என்று அமைதியாகப் போய்விடும்.

பதில் வந்தது, திறக்கவில்லை

அனுப்புவதில் இருக்கும் வம்பு பெறுவதிலும் உண்டு. உலக வங்கியின் தரவு ஏபிஐ கற்றுக்கொள்ள நல்ல இடம். சாவியும் கேட்காது, பதிவும் கேட்காது. இந்தியாவின் மக்கள்தொகையை முகவரியிலேயே கேட்டு, வந்ததை ஜேசன்லைட்டின் ஃப்ரம் ஜேசன் கட்டளையிடம் கொடுக்கிறீர்கள். திரையில் "லெக்சிகல் எரர்: இன்வேலிட் சார் இன் ஜேசன் டெக்ஸ்ட்" என்று வருகிறது. கீழே ஒரு அம்புக்குறி எந்த எழுத்தில் இடறியது என்று காட்டும். பெரும்பாலும் அது ஒரு கோணக்குறியாக இருக்கும்: <

அந்தக் குறியைப் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டியது, வந்தது உடைந்த ஜேசன் இல்லை, ஜேசனே இல்லை. கோணக்குறியில் தொடங்குபவை எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு தரவு வடிவமும் இணையப் பக்கங்களும். உலக வங்கி ஏபிஐ வேறு எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்எம்எல்லில்தான் பதில் தரும். முகவரியில் ஃபார்மட் ஜேசன் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வேறு இடங்களில் கோணக்குறி வந்தால் அது உள்நுழைவுப் பக்கமாகவோ பராமரிப்பு அறிவிப்பாகவோ இருக்கும். இட்லி கேட்டால் மெனு கார்டைக் கொடுத்த கதை. ஃப்ரம் ஜேசன் கட்டளையைத் திட்டிப் பயனில்லை. வந்த எழுத்தின் முதல் இருநூறு எழுத்துகளை அச்சிட்டுப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

ஃபார்மட் ஜேசன் சேர்த்தாயிற்று, திறந்தும்விட்டது. ஆனால் வந்தது நேராக ஒரு அட்டவணை இல்லை. இரண்டு உறுப்பு கொண்ட பட்டியல். முதலாவது பக்க எண், மொத்தப் பக்கங்கள் போன்ற குறிப்பு. இரண்டாவதில்தான் சரக்கு. அதை எடுத்துப் பார்த்தால் 50 வரிசை. தரவு 1960-இலிருந்து ஆண்டுக்கு ஒன்று, ஆக 60-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 50 என்பது அந்த ஏபிஐயின் வழக்கம், புதிய ஆண்டுகள் முதலில் வரும். முதல் குறிப்பைப் படிக்காமல் தாண்டியவர் பழைய ஆண்டுகள் இல்லாமலே வரைபடம் போட்டு, அறிக்கையும் அனுப்பியிருப்பார். எரர் எதுவும் வராது.

அடுக்கு கேரியரும் வாழை இலையும்

ஃப்ரம் ஜேசன் கட்டளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதுவே கெட்ட குணமும். அடுக்கு கேரியரில் வந்த சாப்பாட்டைக் கேட்காமலேயே இலையில் பரிமாறிவிடும். ஆப்ஜெக்டுகளின் வரிசை வந்தால் டேட்டா ஃபிரேமாக, அதாவது பத்திகளும் வரிசைகளும் கொண்ட ஆர் அட்டவணையாக மாற்றும். எண்களின் வரிசை வந்தால் வெக்டர் ஆக்கும். இருபது பதிவு வந்தால் அட்டவணை. ஒரு பதிவும் இல்லாமல் வெற்றுச் சதுர அடைப்பு வந்தால்? பரிமாற எதுவும் இல்லை, வெறும் லிஸ்ட். அதில் பத்தியின் பெயரைக் கேட்கும் உங்கள் அடுத்த வரி தடுமாறும். எச்டிடிபிஆர் 2 தரும் ரெஸ்ப் பாடி ஜேசன் கட்டளையோ கேரியரை அப்படியே வைத்துவிடும். நீங்கள்தான் ஒவ்வொரு டப்பாவாகத் திறக்க வேண்டும். தினமும் தானாக ஓடும் நிரல் என்றால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மெதுவாக இருந்தாலும் என்ன வரும் என்று தெரியும்.

டப்பா திறக்க நாம் போடும் டாலர் குறியிலும் எச்சரிக்கை தேவை. இல்லாத பெயரைக் கேட்டால் லிஸ்டில் அது எரர் தராது, நல் என்ற வெறுமையைத் தரும். பெயரைப் பாதி எழுதினாலும், பொருந்துவது ஒன்றுதான் என்றால் முழுப் பெயரென்று எடுத்துக்கொள்ளும். இரட்டைச் சதுர அடைப்பால் எடுத்தால் இந்தப் பாதிப்பெயர்ச் சலுகை கிடையாது. அதுதான் நல்லது. "டாலர் ஆபரேட்டர் இஸ் இன்வேலிட் ஃபார் அடாமிக் வெக்டர்ஸ்" என்று வந்தால், டப்பா என்று நினைத்து நீங்கள் திறப்பது வெறும் சோறு. ஒரு அடுக்கு மேலே ஏறி எஸ்டிஆர் கட்டளையால் முழு உருவத்தையும் பாருங்கள்.

சத்தம் போடாத தவறுகள்

சிவப்பில் கத்தும் எரர் நல்லவன். கத்தாமல் கணக்கைக் கெடுப்பவைதான் எனக்குப் பயம்.

ஒருமுறை பேருந்து நிறுத்தங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு வரைபடச் சேவைக்கு அனுப்பினேன். திரும்பி வந்த படத்தில் சில நிறுத்தங்கள் சாலையின் நடுவே நின்றன. ஜிபிஎஸ் கருவியைச் சந்தேகித்து இரண்டு நாள் போனது. காரணம் நான் நேரடியாகப் பயன்படுத்திய டு ஜேசன் கட்டளை. டிஜிட்ஸ் என்ற விருப்பத்தைச் சொல்லாவிட்டால் அது தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் மட்டுமே எழுதும். 13.082680 என்பது 13.0827 ஆகும். அட்சரேகையில் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் ஏறத்தாழ 11 மீட்டர், முழுமையாக்கலில் ஐந்தரை மீட்டர் வரை நகரலாம். நிறுத்தம் நடைபாதையிலிருந்து இறங்கப் போதுமான தூரம். டிஜிட்ஸ் மதிப்பை என்ஏ என்று கொடுத்தால் இலக்கங்கள் வெட்டுப்படாமல் எழுதப்படும். எச்டிடிபிஆர் 2 தன் பாட்டுக்கு 22 என்று வைத்திருக்கிறது, அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.

பெரிய அடையாள எண்களும் இப்படித்தான். ஆர் எண்களை வைக்கும் முறையில் 9007199254740992 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் தனி இடம் உண்டு. அதற்கு மேல் அடுத்தடுத்த எண்கள் ஒன்றாகிவிடும். சமூக வலைத்தளப் பதிவுகளின் அடையாள எண்கள் அதைத் தாண்டிவிட்டதால்தான் ட்விட்டர் அதே எண்ணை எழுத்தாகவும் ஒருமுறை கூடவே அனுப்பியது. ஃப்ரம் ஜேசனில் பிக்இன்ட் ஆஸ் சார் என்ற விருப்பத்தைப் போட்டால் அவை எழுத்தாகவே வரும்.

காலி இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண் வெக்டரில் என்ஏ இருந்தால் டு ஜேசன் அதை "என்ஏ" என்று மேற்கோளுக்குள் ஒரு சொல்லாக எழுதிவிடும். எழுத்து வெக்டரில் இருந்தால் ஜேசனின் நல் ஆக்கும். எண் எதிர்பார்க்கும் புலத்தில் திடீரென்று சொல் வந்தால் சர்வர் முகம் சுளிக்காதா? என்ஏ என்ற விருப்பத்தை நல் என்று கொடுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து போய்வரும் வழி

ஜேசன் போய்வருவது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில். அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். விண்டோஸில் 2022 ஏப்ரலில் வந்த ஆர் 4.2.0-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால், "மதுரை" கோணக்குறிகளுக்குள் எண்களாகச் சிதறித் தெரியலாம். ஜேசனைக் குறை சொல்லாமல் ஆர் பதிப்பைப் புதுப்பியுங்கள். பதிலில் ஒவ்வொரு எழுத்தும் பின்சாய்வுக் கோட்டோடு நான்கு இலக்கக் குறியீடாக வந்தால் அது பிழையே இல்லை. ஜேசன் அனுமதிக்கும் மாற்று எழுத்துமுறை அது, பைத்தான் இயல்பாகவே அப்படித்தான் எழுதும். ஃப்ரம் ஜேசன் அதைத் தமிழாக்கிவிடும்.

முகவரியில் தமிழ்ச் சொல்லோ இடைவெளியோ வர வேண்டுமானால் பேஸ்ட் செய்து ஒட்டாமல் ரெக் யுஆர்எல் குவெரி கட்டளையிடம் கொடுங்கள். தேவையான விழுக்காட்டுக் குறிகளை அதுவே போட்டுக்கொள்ளும்.

கடைசியாக, கண்ணால் பார்த்து மட்டும் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று. "கோவை" என்று அனுப்புகிறீர்கள், பட்டியலில் "கோவை" இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறது. ஆர் திரையில் இரண்டையும் சமமா என்று கேட்டால் ஃபால்ஸ். யூனிகோடில் கோ எழுத இரண்டு வழி உண்டு: ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். என்சார் கட்டளையால் நீளம் பார்த்தால் ஒன்றில் 4, மற்றொன்றில் 5 வரும். ஸ்ட்ரிங்ஐ நூலகத்தின் என்எஃப்சி மாற்றும் கட்டளை வழியாக இரண்டையும் ஒருமுறை ஓட்டினால் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த ஊர்ப் பெயர்கள் என்றால் அனுப்புமுன் நான் இதைக் கேள்வி கேட்காமலே ஓட்டிவிடுவேன்.